கோதுமைத் தவிடு

என் மனைவி அம்சவேணி தன்னைப் பெற்ற தாயைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை அதைக் கேட்டேன். டெல்லி முனிர்காவில் அவள் தங்கியிருந்த அறையின் மாடிப்படியில் உட்கார்ந்து மோமோ தின்றுகொண்டிருந்தோம்.

“என்னைத் தவுட்டுக்கு வித்துட்டாங்க” என்றாள்.

எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டச் சொல்வதுதான். ஜனக்புரியில் என் அம்மாவும் என் தங்கையை இப்படிச் சொல்லி அழவைத்திருக்கிறாள். நான் சிரித்தேன். அம்சாவும் சிரித்தாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அக்டோபரில் டெங்குவில் அம்சா இறந்துபோனாள். எங்கள் மகள் கவிப்ரியாவுக்கு ஐந்து வயது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ரயிலேறினார்கள். நான் மறுபடி வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன், மூடினேன். பருப்பு வேகவைத்தேன். நான் அழவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு இருந்தது. உண்மைதான்.

கவிக்குத் தூங்கும்முன் கதை வேண்டும். அம்சாவுக்கு ராஜா ராணிக் கதை தெரியாது. திருக்கோவிலூர்ப் பக்கத்துத் தன் ஊரின் கடைகளைத்தான் சொல்வாள். நான் பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டே கேட்டிருக்கிறேன். எத்தனை முறை கேட்டிருந்தாலும், அந்த ஊருக்கு ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன். அப்போது அங்கே அந்தக் கடைகள் எதுவும் இல்லை. மொபைல் ரீசார்ஜ் கடையும் சிமெண்ட் கடையும் இருந்தன.

அவள் சொன்ன ஊரில் காத்தவராயன் கடை ஓலைக் கூரை போட்டது. வாசலில் உப்பு மூட்டை. ராத்திரியிலும் அதை உள்ளே எடுத்து வைக்கமாட்டார், உப்பை யாரும் திருடமாட்டார்கள். தூணில் ஒரு கயிறு எப்போதும் கனன்றுகொண்டிருக்கும், பீடி பற்றவைக்க. மண்ணெண்ணெய் அளந்த கையாலேயே தேன் மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்றாலே மண்ணெண்ணெய் வாசனைதான். பக்கத்திலேயே அவர் மனைவி பவுனு பணியாரம் சுடுவாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அம்சா ஏதாவது வாங்கும்வரை அந்தக் கடையில் வேறு யாருக்கும் வியாபாரம் கிடையாது. அவள் கைராசி அப்படி. பெரிய ஆட்களெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்து நிற்பார்களாம்.

“முதல் போணியைத் திருப்பி அனுப்பக்கூடாது, தெரியுமா? எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லக்கூடாது. எங்கிட்ட காசு இல்லாத அன்னிக்குப் புளியங்கொட்டைய நீட்டுவேன். அதையும் கண்ணுல ஒத்திக்கிட்டுக் கல்லாவுல போடுவாரு.”

“ஃபிர் க்யா ஹுவா?” என்பாள் கவி, அப்புறம் என்ன ஆச்சு என்று. தமிழ் புரியும். பதில் மட்டும் இந்தியில் வரும்.

ஜனவரி கடைசியில் கவி கடை வைத்தாள்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. பின்பக்கம் கட்டில் அகலத்துக்கு ஒரு பால்கனி. காலையில் பல் தேய்த்ததும் அங்கே பாயை விரித்து, காலிச் செருப்பு டப்பாவைக் கல்லாவாக வைத்து உட்கார்ந்துவிடுவாள். உடைந்த கிரேயான், ஸ்பூன், அவள் அம்மாவின் சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு அட்டை. எனக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

“சீப்பு என்ன விலை, கடைக்காரம்மா?”

“போணி ஆவல.”

அந்த ‘ஆவல’ என்னை நிறுத்தியது. நான் அப்படிப் பேசுவதில்லை. இந்தியில் பதில் சொல்லும் இவளும் பேசியதில்லை. அம்சா கோபத்திலோ போனில் ஊராரோடோ பேசும்போது மட்டும் வரும்.

“நான் போணி பண்றேன், கொடு.”

“நீங்க பண்ணக்கூடாது. அவங்க வரணும்.”

“யாரு?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் குக்கரை இறக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சீப்பு இல்லை.

“யே லோ” என்று டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு புளியங்கொட்டை. புதிதாக, பளபளவென்று, ஓரத்தில் கொஞ்சம் நார் ஒட்டியிருந்தது.

நான் வாங்குவது கொட்டை நீக்கிய பாக்கெட் புளி. பள்ளியில் யாரோ கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சீப்பைத் தேடினேன். பால்கனிக் கம்பியில் குனிந்து கீழே முற்றத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவின் துளசித் தொட்டியும் ஈரத் துணிகளும்தான் இருந்தன.

பிறகு பொட்டு அட்டை போனது. அம்சாவின் மெட்ரோ கார்டு போனது. அவள் மூக்குக்கண்ணாடி போனது. ஒவ்வொன்றுக்கும் பதிலாக டப்பாவில் ஒரு கொட்டை. கிரேயானையும் ஸ்பூனையும் யாரும் வாங்கவில்லை.

மூக்குக்கண்ணாடி போன அன்று பால்கனியில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. டெல்லியில் மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்துப் பல வருஷமாகிறது. எல்லாப் பக்கமும் முகர்ந்தேன். சுவரில் இல்லை, தரையில் இல்லை, கவியின் துணியில் இல்லை. கம்பியின் பக்கம், நின்றால் ஒரு ஆள் இடுப்பு உயரத்தில், அந்த ஓர் இடத்தில் மட்டும் இருந்தது.

நான் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்தக் கண்ணாடியை நான் வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். அதன் ஒரு காலில் அவள் பல்லால் கடித்த தடம் உண்டு. மிச்சமிருந்த அவள் பொருள்கள் எல்லாவற்றையும், புடவை, துப்பட்டா, ஹவாய் செருப்பு, பாதி தீர்ந்த தேங்காயெண்ணெய் பாட்டில் உட்பட, பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை கவி பீரோவைத் தட்டிப் பார்த்தாள். அழவில்லை. பாயை விரித்துக் கடையில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மார்க்கெட்டிலுள்ள டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வைரல் என்றார், சிரப் எழுதினார். வரும் வழியில் என் தோளில் கிடந்தபடி கவி சொன்னாள்:

“இன்னிக்கு அவங்க சும்மா போயிட்டாங்க. சாமான் இல்ல.”

“நல்லது.”

“நல்லதில்ல. போணியத் திருப்பி அனுப்பக்கூடாது. அதனால நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டேன்.”

“நாளைக்கு மட்டும் என்ன இருக்கு கடையில?”

“நானு.”

கடையில் சிறுத்தைப் படம் போட்ட பையைக் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

“அவங்கதான் கேட்டாங்க. நீ வர்றியான்னு. அச்சான்னு சொல்லிட்டேன். புது ஃபிராக் போட்டுக்கணும்.”

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டு மாமியாருக்குப் போன் செய்தேன். அவர் பெயர் சந்திரம்மாள். எனக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். மண்ணெண்ணெய் என்றதும் மட்டும் மூச்சு இழுத்துவிட்ட சத்தம் வந்தது.

“மாப்ள, அம்சா ஏன் என்னைச் சின்னம்மான்னு கூப்புடும், உங்களுக்குத் தெரியுமா?”

“தவிட்டுக்கு வித்துட்டாங்கன்னு வேடிக்கையாச் சொல்லுவா.”

“வேடிக்கை இல்ல மாப்ள. அதுக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் எனக்குத் தங்கல. எல்லாம் தூளியோட போச்சு. இது பொறந்ததும் காத்தவராயன் பொண்டாட்டி பவுனு ஒரு மொறம் தவுடு கொண்டாந்து என் மடியில கொட்டிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. வாங்கிட்டா. அப்புறம் அவ புள்ளைய நான் வளக்குறேன், அவ்ளோதான். சாவு வந்து பாக்கும். இது இவ பெத்த புள்ளை இல்லியேன்னு திரும்பிப் போயிடும். அதான் அம்சா என்னை அம்மான்னு கூப்புடல. கூப்புட்டா வித்தது செல்லாது.”

நான் கவியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

“இப்ப அம்சா வந்து கேக்குதுன்னா, அதுக்குக் கேக்க உரிமை இருக்குது. பெத்தவ. அந்த உரிமை இருக்கக்கூடாது. நீங்க வித்துடுங்க.”

“நானே வாங்கிக்கிறேன்.”

“பெத்தவரு வாங்குனா அது எப்புடி வித்ததாவும்? வேற கை வேணும். விடிகாலையில முதப் போணியா வாங்கணும். இப்ப வெளக்கு வெச்சாச்சு, இப்ப கூடாது. தவுடு இருக்குதா?”

“இங்க அரிசித் தவிடு கிடைக்காது. கோதுமைத் தவிடுதான்.”

“கோதுமையா?” அவர் யோசித்தார். பின்னால் யாரோ டிவியைக் குறைத்தார்கள். “புள்ளை அந்த ஊரு சப்பாத்தி தின்னுதான வளந்துது. செல்லும்.”

போனை வைப்பதற்கு முன் குரல் இறங்கியது. “மாப்ள, ஒண்ணு. அப்புறம் புள்ளை உங்கள அப்பான்னு கூப்புடாது. முதல்ல கஷ்டமா இருக்கும். பழகிக்கலாம்னு சொல்லுவாங்க. நான் பழகல.”

நான் எம்.எஸ்ஸி. படித்தவன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

சந்து முனையிலுள்ள மாவு மில்லில் சோக்கர் கேட்டேன். தவிட்டுக்கு இங்கே அதுதான் பெயர். மில்காரர் தலைமுடியெல்லாம் மாவாக நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மதராசி பாபு, மூணாவது மாடியில எருமை கட்டியிருக்கியா?” என்று இந்தியில் கேட்டார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பை நிறையக் கொடுத்தார்.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் மாஜி என்றுதான் கூப்பிடுவோம். முனிர்காவின் பழைய குடும்பம். பிள்ளைகள் குர்காவ்ன் போய்விட்டார்கள். நான் ஆபீஸ் போகும் நாள்களில் கவி கீழே அவரிடம்தான் இருப்பாள். எதைச் சொன்னாலும் அதட்டுவதுபோல் இருக்கும் அவர் இந்தி. பையை அவர் காலடியில் வைத்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். சொல்லி முடித்தபோது அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“என் மச்சினருக்குப் பேர் மோலூ” என்றார். “மோலுக்கு வாங்கினது, அதனால மோலூ. விலைக்கு வாங்கின பிள்ளை. எங்க மாமியாரும் இதையேதான் செஞ்சாங்க. நீங்க மதராசிகள் எங்ககிட்டயிருந்து கத்துக்கிட்டீங்களா?”

“தெரியலை மாஜி.”

அவர் பையைத் திறந்து தவிட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். “இது நீ வாங்கினது. நான் வாங்கணும்னா என் தவிடா இருக்கணும்.” பையை என்னிடமே தள்ளினார். “கேளு பேட்டா. வாங்கினா வாங்கினதுதான். நாளைக்கு உனக்கு இன்னொரு பெண்டாட்டி வருவா, என் பொண்ணைக் குடுன்னு வந்து நிப்பே. தரமாட்டேன். யோசிச்சுச் சொல்லு.”

யோசிக்க என்ன இருந்தது? மேலே கவியின் உடம்பு தோசைக்கல்போல் கொதித்துக்கொண்டிருந்தது.

“வாங்கிக்குங்க” என்றேன்.

விடியும்போது மூடுபனி. கவி எனக்கு முன்பே எழுந்திருந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. ஆனாலும் தானே மஞ்சள் ஃபிராக்கைத் தலைவழியாக மாட்டியிருந்தாள், ஸ்வெட்டருக்கு மேலேயே. தலைமுடி நடுவகிடு எடுத்து எண்ணெய் வைத்து வாரியிருந்தது. சீப்பு வீட்டில் இல்லை. தேங்காயெண்ணெய் பீரோவில் பூட்டியிருந்தது. நான் வாரவில்லை.

பால்கனியில் பாய் விரித்துக் கம்பியைப் பார்த்து உட்கார்ந்தாள். முன்னால் ஒரு பொருளும் இல்லை. நான் வாசல் கதவைத் திறந்துவைத்துப் படியில் காது கொடுத்தேன். கீழே மாஜியின் கதவு திறந்தது. அவருக்கு முட்டிவலி. ஒரு படிக்கு ஒருமுறை நின்றார்.

“மாஜி, ஜல்தி!”

“வர்றேண்டா! பறந்தா வரமுடியும்?”

மண்ணெண்ணெய் வாசனை வந்தது. இந்த முறை மூக்கைக் கொண்டுபோய்த் தேட வேண்டியிருக்கவில்லை. கூடவே வேறொன்று, கயிறு கனலும் வாசனை. கவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கம்பிப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். வெட்கப்படும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

“வாங்க” என்றாள்.

நான் அவளுக்கும் கம்பிக்கும் நடுவில் போய் நின்றேன். முதுகில் குளிர் படவில்லை. அதுதான் ஆச்சரியம். பிப்ரவரி விடியலில், என் முதுகில் மட்டும், குளித்துவிட்டு வந்தவள் பின்னால் நிற்பதுபோல் லேசான ஈரச்சூடு இருந்தது. அதை நான் அறிவேன். ஆறு வருஷம் அடுப்படியில் அப்படித்தான் வந்து நிற்பாள். திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“தள்ளுங்க” என்றாள் கவி. “போணிய மறைக்கிறீங்க.”

நான் திரும்பவில்லை. தள்ளவும் இல்லை. “மாஜி!” என்று கத்தினேன்.

மாஜி மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் முறம், முறத்தில் தவிடு. என்னைத் தோளில் தள்ளிப் பாயில் உட்காரவைத்தார். என் மடியில் தவிட்டைக் கொட்டினார். அது பனிபோல் எழும்பிக் கவியின் முடியிலும் என் உதட்டிலும் படிந்தது. கவியின் இரண்டு கையையும் பிடித்தார்.

“இந்தா, விலை. இந்தப் பொண்ணு என்னோடது.” பிறகு என்னைப் பார்த்து, “சொல்லு. வித்துட்டேன்னு சொல்லு.”

“வித்துட்டேன்” என்றேன். இந்தியில் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

கவி கம்பிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். முகம் குழம்பியது. பின் கடைக்காரி ஆனாள். என் மடியிலிருந்து ஒரு சிட்டிகை தவிட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டாள்.

“போணி ஆச்சு.”

வாசனை நின்றது. மெல்லக் குறையவில்லை, விளக்கை அணைப்பதுபோல் நின்றது. முதுகில் குளிர் அறைந்தது.

மாஜி அவளைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கினார். மத்தியானம் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. மாஜியின் ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்து பராட்டா தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நெய் வழியும் கையை ஆட்டினாள்.

“அங்கிள், பானி.”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தாங்க்யூ சொன்னாள்.

இப்போது அவள் கீழேதான் தூங்குகிறாள். மாஜியை மா என்கிறாள். பள்ளி வேனுக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். முன்பு தினமும் தாண்டிக் குதிக்கும் கடைசிப் படியில் இப்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அந்நியர் கையைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால். கொழுகொழுவென்று ஆகிவிட்டாள். தமிழ் கேட்டால் சிரிக்கிறாள், பதில் இந்தியில்தான். மாமியார் போனில் கேட்டார், நன்றாக இருக்கிறாள் என்றேன். “என்னான்னு கூப்புடுது?” என்றார். சொன்னேன்.

போன வாரம் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது கவி இந்தியில் சொன்னாள்:

“அங்கிள், உங்க பால்கனியில ஒரு ஆன்ட்டி நிக்குறாங்க. துணி காயப்போடும்போது முற்றத்துலேர்ந்து பார்த்தேன்.”

“எப்படி இருக்காங்க?”

“தெரியல. அழுதுகிட்டு இருந்தாங்க. வீடு மாறி வந்துட்டாங்கபோல. என்னையே பார்த்தாங்க. யாரு நீங்கன்னு கேட்டேன், சொல்லல. பாவம், இல்ல?”

“பாவம்தான்” என்றேன்.

வேன் வந்தது. ஏறி உட்கார்ந்து, முன்சீட்டுப் பெண்ணின் ஜடையை இழுத்தாள்.

நான் மேலே வந்தேன். பர்ஸிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். புடவைகள், துப்பட்டா, செருப்பு, எண்ணெய் பாட்டில். எல்லாவற்றையும் பால்கனியில் பாய் விரித்துப் பரப்பினேன். புளியங்கொட்டைகளோடு டப்பாவையும் வைத்தேன். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. எனக்குத் தெரியும்.

தினமும் விடிந்ததும் உட்காருகிறேன். சில நாள் தூரத்தில், படிப்பக்கமிருந்து, மண்ணெண்ணெய் வாசனை வருவதுபோல் இருக்கிறது. பக்கத்தில் வருவதில்லை.

என் கடைக்கு இன்னும் போணி ஆகவில்லை.